பாடசாலைக் கடேற் யாருடைய கையில் இருக்கிறது: அதிபரா, ஆமியா?

கேள்வி: "கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறோம். மகன் தரம் 9 படிக்கிறான். பாடசாலையில் கடேற் தொடங்கப் போகிறார்களாம், விருப்பமானவர்கள் பெயர் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. இது பாடசாலையின் கீழ் வருமா, ஆமியின் கீழ் வருமா? பெயர் கொடுத்தால் பிறகு படையில் சேர வேண்டி வருமா? இடையில் விலகலாமா?"

நான் வவுனியாவில் படிப்பிக்கிறேன். எங்கள் பாடசாலையின் பெண்பிள்ளைகள் பிளட்டூனுக்கு, அதாவது கடேற் அணிக்கு, பொறுப்பாக இருந்த ரீச்சருக்குத் துணையாகச் சில வருடம் நின்றிருக்கிறேன். எனக்கென்று கடேற் பதவி ஒன்றும் கிடையாது. பயிற்சி நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், வாசலில் வந்து நின்ற பெற்றோருக்குப் பதில் சொன்னவள், அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் உங்களை நித்திரை கொள்ள விடாத கேள்வி என்று நினைக்கிறேன். அதனால் அதற்கு முதலில் பதில்: இல்லை. கடேற்றில் இருந்த பிள்ளைக்குப் படையில் சேவை செய்ய வேண்டிய கடப்பாடு எதுவும் இல்லை. படிப்பிக்கும் ஆசிரியருக்கும் இல்லை. முழுக்க விருப்பத்தின் பேரில் சேருவது. பின்னொரு நாள் பிள்ளையாகவே விரும்பிப் படைக்கோ பொலிசுக்கோ விண்ணப்பித்தால், கடேற்றில் எடுத்த தகைமையைக் கவனிப்பார்கள். பிள்ளை விண்ணப்பிக்காவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

இனி யார் கையில் என்பது. கடேற் என்று நாங்கள் சொல்லும் தேசிய மாணவர் படையணி பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிறது. வேர் பழையது: 1881-இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கி, 1902-இல் இலங்கைக் கடேற் பற்றாலியன் என்று ஒன்றாகி, பிறகு 1985-ஆம் ஆண்டின் 40-ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1988-இல் தனி அமைப்பாக வந்தது. தலைமையகம் கொழும்பில். பணிப்பாளராக இருப்பவர் படையின் உயர் அதிகாரி. பெரிய பயிற்சி முகாம் மகியங்கனைக்குப் போகும் வழியில் மகாவலிக் கரையில் உள்ள ரந்தெம்பேயில் இருக்கிறது. அது மேல்தட்டு. உங்கள் மகன் அதை எப்போதாவது ஒரு முகாமில்தான் காண்பான்.

அவன் கிழமைக்குக் கிழமை காண்பது பிளட்டூனை. முப்பது பேர் அளவில் ஒரு பிளட்டூன், அதற்குள் மூன்று செக்‌ஷன். செக்‌ஷனை ஒரு கோப்ரல் பார்ப்பார், எல்லாருக்கும் மேலே சார்ஜன்ட். இந்தக் கோப்ரலும் சார்ஜன்டும் யாரோ என்று பயப்பட வேண்டாம், பக்கத்து வகுப்பு அண்ணாமார்தான். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பிளட்டூன், வயதுக்கேற்பக் கனிஷ்டம், சிரேஷ்டம் என்று பிரிவு, சில பாடசாலைகளில் பாண்ட் குழுவும் இதற்குள்ளேயே வரும். ஒரு பிரதேசத்துப் பாடசாலைகளின் பிளட்டூன்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பற்றாலியன். பற்றாலியன் என்றவுடன் ஆட்கள் முள்வேலியும் காவலரணும் உள்ள காம்ப் ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். இது கடேற்றுக்கான நிர்வாக அலகு. முகாம் ஒழுங்கு செய்வது, உடுப்பு, சப்பாத்து, போதனாசிரியர்களை அனுப்புவது எல்லாம் அங்கிருந்துதான் நடக்கும். அணிநடை பழக்க வரும் அந்தப் போதனாசிரியர் படையைச் சேர்ந்தவராக இருப்பார், அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் வருவார், பழக்குவார், போவார். பிள்ளைகளுக்குப் பொறுப்பு அவரில்லை.

பொறுப்பு யாருக்கென்றால், அதே பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கு. அவர் விண்ணப்பித்து, நேர்முகத்துக்குப் போய், ரந்தெம்பேயில் பயிற்சி எடுத்து, கடேற் அதிகாரியாகத் தரம் பெறுகிறார். காலையில் கணிதமோ சமயமோ படிப்பிக்கிற அதே சேர் பின்னேரம் பட்டியும் தொப்பியுமாக மைதானத்தில் நிற்பார். படையணியின் பக்கம் பற்றாலியனுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான், பாடசாலையின் பக்கம் அதிபருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். உங்கள் முதல் கேள்விக்கு உண்மையான பதில் இந்த ஒரு ஆளில்தான் இருக்கிறது. கடுதாசியில் எந்த அமைச்சு என்று பார்ப்பதை விட, அந்த ஆசிரியர் யார், எப்படிப்பட்டவர் என்று பாருங்கள்.

எங்கள் வன்னியில் சிக்கலும் இங்கேதான் வருகிறது. பாடசாலை ஒன்றரைக்கு முடியும். கடேற் பயிற்சி அதற்குப் பிறகு. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளில் பாதி ஆசிரியர்கள் விடிய வெள்ளன யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி வருபவர்கள், மணி அடித்ததும் திரும்பப் பஸ் பிடிக்க வேண்டும். குற்றம் சொல்லவில்லை, வீட்டில் அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு மணி பஸ்ஸில் போகும் ஆசிரியர் பொறுப்பாக இருக்கும் பிளட்டூன் எப்படி நடக்கும்? நடக்காது. கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்து அவர் இடமாற்றம் கேட்டுப் போனால் இன்னும் மோசம். அடுத்தவர் விண்ணப்பித்து, பயிற்சிக்குப் போய் வரும் வரை பிள்ளைகள் அந்தரத்தில் நிற்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் அப்படித்தான் ஒரு நல்ல பிளட்டூன் கலைந்தது. சப்பாத்துகள் விளையாட்டு அறை அலுமாரிக்குள் கிடந்து பூசணம் பிடித்தன. கொழும்பிலும் கண்டியிலும் ஒரே கல்லூரியில் இருபது வருடம் நிற்கும் ஆசிரியரை வைத்துப் போட்ட ஒழுங்கு இது. எங்கள் பக்கம் அது அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே அதிபரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பொறுப்பாசிரியர் உள்ளூரில் தங்குகிறாரா?

இரண்டாவது, ஏன் தொடங்குகிறார்கள் என்று. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். விளையாட்டுப் போட்டிக்கும் சுதந்திர தினத்துக்கும் வரும் பிரமுகர்களை வரவேற்க ஒரு அணி வேண்டும் என்பதற்காகவே கடேற் கேட்கும் பாடசாலைகள் உண்டு. அப்படியென்றால் பிள்ளைகள் வருடம் முழுக்க வெயிலில் நின்று மாலை போட வரும் ஆளுக்காகக் காத்திருப்பதுதான் மிச்சம். ஒழுங்காக நடக்கும் பிளட்டூனில் உடற்பயிற்சி, அணிநடை, வரைபடம் வாசிப்பது, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாண்டு சுடுவது, தங்கும் இடத்தைத் துப்புரவாக வைத்திருப்பது என்று ஒரு பாடத்திட்டம் இருக்கும். முகாமில் இவற்றுக்குப் புள்ளி போடுவார்கள். நாடளாவிய போட்டியில் சிறந்த அணிக்குக் கொடுக்கும் ஹேர்மன் லூஸ் கிண்ணத்துக்குப் பெரிய கல்லூரிகள் உயிரைக் கொடுத்துப் போட்டி போடும்.

சரி, துப்பாக்கி என்று எழுதிவிட்டேன், அதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். எங்கள் பிளட்டூனுக்குப் பிள்ளைகளின் பெயர்களைப் பதிந்தபோது புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வந்து குடியேறிய ஒரு அம்மா வந்தார். "அந்த நேரம் ஒரு உடுப்புக்குப் பயந்து பதுங்குகுழிக்குள்ள ஒளிச்சு வைச்சுக் காப்பாத்தின பிள்ளையளின்ரை தங்கச்சி இவள். இப்ப இன்னொரு உடுப்பை நானே போட்டு விடுறதோ ரீச்சர்?" என்று கேட்டார். வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கம் பிள்ளை கேட்ட காலத்தையும் 2009-இல் போர் முடிந்த விதத்தையும் பார்த்த ஒருவரிடம், இது வெறும் ஒழுக்கப் பயிற்சி என்று சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் முடியவில்லை. பெயர் கொடுக்க வேண்டாம், சாரணியத்திலோ சென் ஜோன்ஸ் முதலுதவிப் படையிலோ சேர்த்துவிடுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை முதலுதவிப் பக்கம் போய் நன்றாகவே வந்தாள். அதே வருடம் இன்னொரு தகப்பன், மகள் நாலு பேருக்கு முன்னால் குரல் எடுத்துப் பேச வேண்டும் என்று தானாகவே கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு பேரும் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கடிதம் வந்துவிட்டதே, கையெழுத்துப் போடாவிட்டால் பெயர் கெட்டுவிடுமோ என்று மட்டும் எவரும் போட வேண்டாம்.

இன்னொரு குழப்பம். எங்கள் ஊர்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளும் பண்ணைகளும் நடத்திவந்ததால், கடேற்றும் அதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் பாதுகாப்பு அமைச்சின் பக்கம் என்பது சரி. ஆனால் அது சம்பளம் கொடுத்து வளர்ந்தவர்களை வேலைக்கு எடுக்கும் திணைக்களம். கடேற்றில் பிள்ளைக்குச் சம்பளமும் இல்லை, வேலை ஒப்பந்தமும் இல்லை. 2011-இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களைப் படை முகாம்களுக்கு அழைத்துத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்ததும் வேறு விஷயம், அதற்கும் கடேற்றுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாடசாலைக்குள் எல்லாம் தமிழில் நடந்தாலும், வெளி முகாமில் கட்டளையும் வகுப்பும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். கட்டளைச் சொற்களைப் பிள்ளைகள் இரண்டு நாளில் பிடித்துவிடுவார்கள். கஷ்டம் வரைபட வகுப்பில், அப்புறம் வருத்தம் வந்து மருத்துவ அறைக்குப் போகும்போது. முகாமுக்குக் கூட வரும் ஆசிரியருக்குச் சிங்களம் ஓடுமா என்று கேட்டு வையுங்கள். மகள் என்றால் கூடப் போகும் ஆசிரியை யார் என்றும் கேளுங்கள், பெண் பொறுப்பாளர் இல்லாமல் அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு வெளிப் பயணத்துக்கும் தனியாகச் சம்மதக் கடிதம் கேட்பது உங்கள் உரிமை. தொடக்கத்தில் ஒருமுறை போட்ட கையெழுத்தை வைத்தே எல்லா இடமும் கொண்டு போகிறார்கள் என்றால் அதிபரிடம் போய் நில்லுங்கள்.

தரம் 9 என்பதால் இன்னொன்று. பெரிய முகாம்களுக்கு ஆயத்தம் செய்யும் காலத்தில் பிள்ளை பின்னேர வகுப்புகளைத் தவறவிடுவான். இப்போது சேர்ந்து தரம் 10 வரை ஓடி, சாதாரண தரப் பரீட்சை வருடத்தில் ஒதுங்குவது பலர் செய்வது. அது என் மனதுக்கும் சரியாகத்தான் படுகிறது.

விலகுவது பற்றி: விலகலாம். பெற்றோர் எழுதிய ஒரு கடிதத்தைப் பொறுப்பாசிரியர் ஊடாக அதிபருக்குக் கொடுத்தால் போதும், காரணம் நீட்டி முழக்க வேண்டியதில்லை. கொடுத்த உடுப்பு, பட்டி, சப்பாத்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, பதிவில் குறிப்பித்துக்கொண்டு வாருங்கள். ஒரு தொப்பி குறைந்தாலும் அந்த ஆசிரியர்தான் கணக்குக் காட்ட வேண்டும்.