பக்கவாட்டில் தொடங்கினால் நடுப்பலகை கைவிட்டுப் போகாதா?

"திருகோணமலையில் ஒரு சதுரங்கப் போட்டியில் எதிராளி முதல் நகர்வாக சி4 வைத்தார், அதாவது சி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நடுவில் சிப்பாயே வைக்காமல் என்னை நெரித்துவிட்டார், எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடுவை ஆள நடுவில்தான் நிற்கவேண்டும் என்றில்லை. நம்ம ஊர் ஒஸ்டன்பேர்க் கோட்டை மேட்டில் ஒதுங்கி நின்றுதானே உள்துறைமுக வாயிலைக் காத்தது! சி4 சிப்பாய் டி5 கட்டத்தைத் தாக்குகிறது. அப்புறம் குதிரை சி3க்கு வரும், ஜி3 தள்ளி மந்திரி (பிஷப்) ஜி2இல் உட்காரும். மூன்றும் குறிவைப்பது அதே டி5ஐத்தான்.

1843இல் இங்கிலாந்தின் சதுரங்க வீரர் ஸ்டான்டன் ஆடியதால் இதற்கு இங்கிலீஷ் தொடக்கம் என்று பெயர். 1972 உலகப் பட்டப் போட்டியின் 6ஆவது ஆட்டத்தில், ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயைத் தள்ளும் ஈ4இன் பிரியரான அமெரிக்காவின் ஃபிஷரே சி4 வைத்து சோவியத்தின் ஸ்பாஸ்கியை வென்றார். சில நகர்வுகளில் அது ராணி காம்பிட் என்ற இன்னொரு தொடக்கமாக மாறிவிட்டது என்பது வேறு கதை. இப்படி வேடம் மாறுவதுதான் இதில் எனக்குப் பிடித்த குறும்பு.

சரி, கறுப்பில் என்ன செய்யலாம்? ஈ5, குதிரை எஃப்6, அவர் ஜி3 தள்ளியதும் உடனே டி5. அவர் அந்த டி5 சிப்பாயை வெட்டினால் குதிரையால் திருப்பி வெட்டுங்கள். ஜி2 மந்திரி மிரட்டினால் குதிரை பி6க்குப் போகட்டும்.