கீரிப்பிள்ளை செத்த பிறகு

கேள்வி: அன்பு அக்காவுக்கு, எங்களுக்கு பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். தினமும் ராத்திரி நீதிக்கதை சொல்லித்தான் அவனைத் தூங்க வைப்பேன். கதை முடிந்ததும் அதன் நீதியை அவனே கடகடவென்று சொல்லிவிடுவான். போன வாரம் மளிகைக் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் கவனிக்காமல் 50 ரூபாய் கூடுதலாகச் சில்லறை கொடுத்திருக்கிறார். இவன் திருப்பிக் கொடுக்காமல் கூட்டாளிகளோடு சேர்ந்து தின்று தீர்த்துவிட்டான். விஷயம் தெரிந்து கேட்டதற்கு, "தாத்தா மட்டும் தக்காளிப் பெட்டியில அடியில பொடியும் வெடிச்சதும் போட்டு, மேல நல்லதா அடுக்குறாரு. அது தப்பில்லையா?" என்றான். ஆத்திரத்தில் அறைந்துவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமனார் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. நான்கு நாளாக அவர் என்னிடமும் பேசவில்லை, பேரனிடமும் பேசவில்லை. இத்தனை கதை சொல்லி என்ன பிரயோஜனம்? இனி இவனைத் தோட்டத்துப் பக்கமே அனுப்பாமல் இருந்துவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு ஆத்திரம் வந்த அந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. "அது தப்பில்லையா?" என்று கேட்கிறானே, அப்படிக் கேட்க அவன் எங்கே கற்றுக்கொண்டான்? நீங்கள் ராத்திரிதோறும் சொன்ன கதைகளில்தான். நரி காக்காயை ஏமாற்றியதைப் பார்த்த அதே கண்ணால் தக்காளிப் பெட்டியையும் பார்த்திருக்கிறான். மாட்டிக்கொண்டதும் அதையே எடுத்துத் தன் தப்புக்கு முட்டுக் கொடுத்துவிட்டான். அது வேறு விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன். கதைகள் வீண்போகவில்லை என்பதை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீதியை அவனே கடகடவென்று சொல்லிவிடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த இடம்தான். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒரு வரியைச் சொல்லிவிட்டால், அதோடு அந்தக் கதையை மூடி வைத்துவிடலாம் என்று பிள்ளைக்குப் பழகிவிடுகிறது. பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முகஸ்துதிக்கு மயங்காதே என்று முடித்துவிடுகிறோம். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் குழந்தை, கதையெல்லாம் முடிந்த பிறகு என்னிடம் கேட்டாள்: "பாட்டிக்கு வடைக் காசை யாரு கொடுத்தா?" எத்தனையோ வருடமாக அந்தக் கதையைச் சொல்லி வருகிறேன். அந்தப் பாட்டியை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பஞ்சதந்திரக் கதைகளும் அப்படித்தான். படிப்பு ஏறாத மூன்று ராஜகுமாரர்களுக்கு ஆறே மாதத்தில் உலக நடப்பைக் கற்றுத் தருகிறேன் என்று விஷ்ணுசர்மா சொன்ன கதைகள் அவை. அங்கே முயல் பொய் சொல்லித்தான் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளுகிறது. குரங்கு ஈரலை மரத்தில் வைத்துவிட்டு வந்தேன் என்று பொய் சொல்லித்தான் முதலையிடம் தப்பிக்கிறது. 'பொய் சொல்லாதே' என்ற ஒற்றை வரியில் அவற்றை அடக்க முடியுமா? முயல் செய்தது சரியா என்று பத்து வயதுப் பையன் கேட்டால் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லலாம், தப்பில்லை.

என் கதை ஒன்று சொல்கிறேன். எனக்கும் அப்போது உங்கள் பையன் வயதுதான் இருக்கும்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். மாசி, பங்குனி வந்தால் வீட்டுக்கு வீடு புளி வேலைதான். வியாபாரி மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கல்லின் மேல் வைத்துத் தட்டிக் கொட்டையை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் வாசலில் என் ஆயா, அம்மா, பக்கத்து வீட்டு அத்தை மூன்று பேரும் உட்காருவார்கள். அத்தைக்கு வீட்டுக்காரர் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தக் கூலியில்தான் அவர்கள் வீட்டில் களி வெந்தது. நாள் முழுக்கத் தட்டினால் விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்துவிடும். ராத்திரி சோற்றில் கை வைத்தால், குழம்பின் உப்பு பட்டு ஆயா 'ஸ்ஸ்' என்று கையை இழுத்துக்கொள்வதை இன்றைக்கும் கேட்கிற மாதிரி இருக்கிறது.

நான் தினமும் சாயங்காலம் ஒரு பிடி புளியைப் பாவாடையில் முடிந்துகொண்டு போய், கடையில் கொடுத்து மிட்டாய் வாங்குவேன். ஒரு பிடிதானே என்று நினைப்பு. சீசன் முடிந்து எடை போட வந்தார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தது. எடை போட்டவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அத்தையின் மூட்டையைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அத்தை அழ ஆரம்பித்துவிட்டது. அம்மாவும் அத்தையைப் பார்த்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆயாவுக்கு என் பாவாடை முடிச்சு எப்போதோ தெரிந்திருக்கிறது. எழுந்து வந்து, "குறைஞ்சது எங்க வீட்டுல. எங்க கூலியில பிடிச்சுக்குங்க" என்றது. 'இந்தப் புள்ள எடுத்தா' என்று சொல்லவில்லை. எங்க வீட்டுல. அந்த வார்த்தை அறைந்ததைவிட அதிகமாக வலித்தது, ஆனால் அறைந்த மாதிரி என்னைத் தள்ளி நிறுத்தவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஆயா கீரிப்பிள்ளைக் கதை சொன்னது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். தொட்டிலில் குழந்தை, காவலுக்கு வளர்ப்புக் கீரி. பாம்பு வருகிறது, கீரி அதைக் கடித்துக் கொல்கிறது. வாயெல்லாம் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வருகிற கீரியைப் பார்த்து, குழந்தையைத்தான் கொன்றுவிட்டது என்று நினைத்துத் தாய் அதை அடித்துக் கொன்றுவிடுகிறாள். ஆயா அந்த இடத்தில் நிறுத்திவிட்டது. நீதி கீதி ஒன்றும் கிடையாது. எனக்கு அத்தையின் முகம்தான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் நானாகப் போய் அத்தையிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அத்தை என் தலையைத் தடவியதும், அந்தக் கையில் அடித்த புளி வாசனையும் நினைவிருக்கிறது.

அந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு என்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சிலப்பதிகாரத்தில், அடைக்கலக் காதையில் வருகிறது. கீரியைக் கொன்ற பெண்ணைக் கணவன் விட்டுவிட்டு வடக்கே போய்விடுகிறான். போகும்போது ஓர் ஓலையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அவள் அந்த ஓலையோடு தெருத்தெருவாக அழுதுகொண்டே வருகிறாள். கோவலன் அவளைக் கூப்பிட்டு என்ன துயரம் என்று கேட்கிறான். ஓலையை வாங்கிப் பார்க்கிறான். பயப்படாதே என்று சொல்லி, அவள் பாவம் தீரத் தானம் செய்து, காட்டுக்குப் போன கணவனைத் திரும்ப அழைத்து வந்து, இருவரும் பிழைக்கப் பொருளும் கொடுக்கிறான். மாதவியிடம் பொருளையெல்லாம் இழந்து நின்ற அதே கோவலன்தான்.

நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கீரி செத்ததோடு நிறுத்தி, அவசரப்படாதே என்று சொல்லிவிடுகிறோம். அவசரப்பட்டவள் அப்புறம் என்ன செய்வாள்? அதைச் சொல்வதே இல்லை. உங்கள் வீட்டில் இப்போது மூன்று பேர் அந்த 'அப்புறம்' தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கிறீர்கள். பையன் 50 ரூபாயைத் தின்றுவிட்டான். நீங்கள் அறைந்துவிட்டீர்கள். பெரியவர் பெட்டி அடுக்கியதைப் பேரன் பார்த்துவிட்டான்.

பெரியவரிடமிருந்து தொடங்குவோம், அதுதான் கஷ்டமானது. நான்கு நாள் பேசாததை நீங்கள் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது கூச்சமாகத் தெரிகிறது. கோபம் என்றால் அன்றைக்கே கத்தியிருப்பார். அவர் ஏன் அப்படி அடுக்கினார் என்பது உங்களுக்கும் தெரியும். நாற்று, மருந்து, பறிக்கிற ஆள் கூலி, வண்டி வாடகை என்று செலவு செய்து கொண்டுபோனால், சில நாள் பறிப்புக் கூலிக்குக்கூட விலை கட்டாது. ரோட்டோரம் கொட்டிவிட்டு வருகிறவர்களையும், காட்டோடு மாட்டுக்கு விட்டுவிடுகிறவர்களையும் நம் பக்கத்தில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அந்தப் பயத்தில் கை அப்படிப் போய்விடுகிறது. அதற்காக அது சரியாகிவிடாது. அந்தப் பெட்டியைக் கடைசியில் வாங்குவது ஒரு தள்ளுவண்டிக்காரராக இருக்கலாம். அடியில் இருக்கிற வெடித்த தக்காளியின் நஷ்டம் அவர் தலையில் விழும். இந்த இரண்டு பக்கத்தையும் பத்து வயதுப் பையனால் புரிந்துகொள்ள முடியும். நாம்தான் பிள்ளைகளைக் குறைத்து நினைக்கிறோம்.

இதை மாமனாரிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குவீர்கள். நம் ஊர்க் கதையே கை கொடுக்கும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை எல்லோரும் சொல்லுவார்கள். ஔவை அவனுக்காகத் தூது போனதுதான் எனக்கு அதைவிடப் பிடிக்கும். தகடூர், அதாவது நம் தர்மபுரியை ஆண்ட அதியமான் மேல் படையெடுக்க நினைத்த தொண்டைமான் என்ற மன்னன், தன் ஆயுதச் சாலையை ஔவைக்குப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை அவனைக் குறை சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. உன் வேலெல்லாம் மயில் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. கேட்டால் தொண்டைமானைப் புகழ்கிற மாதிரியே இருக்கும். கண்ணால் கண்டதைச் சொன்னாள். மிச்சத்தை அவனே புரிந்துகொள்ள விட்டுவிட்டாள்.

நீங்களும் காபி கொண்டுபோய்க் கொடுக்கும்போது, "மாமா, பையன் நீங்க செய்றதையெல்லாம் பாத்துக்கிட்டே இருக்கான். உங்க மாதிரியே கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான், உங்க மாதிரியே துண்டு போடுறான்" என்று சொல்லுங்கள். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். "அவன் தெரியாம பேசிட்டான், மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் தெரிந்துதான் பேசினான், அது அவருக்கும் தெரியும். அவர் உடனே பதில் சொல்லாமல் போகலாம். பொறுத்திருங்கள்.

தோட்டத்துக்கு அனுப்பாமல் இருப்பது வேண்டவே வேண்டாம். அனுப்பாவிட்டால், தாத்தா தப்பானவர், அதனால்தான் அம்மா தடுக்கிறாள் என்று அவன் முடிவு கட்டிவிடுவான். அடுத்த பறிப்புக்கு அவனையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நல்லது ஒரு குவியல், பொடி ஒரு குவியல், வெடித்தது ஒரு குவியல் என்று தாத்தாவோடு உட்கார்ந்து பிரிக்கட்டும். பொடித் தக்காளிக்கு என்ன விலை, ஒரு பெட்டி பறிக்க எவ்வளவு நேரம் என்று அவனே கேட்பான். அந்த நேரத்தில் பெரியவர் அவனுக்கு எதையாவது சொல்லுவார். அதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

அறைந்ததற்குப் பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "நீ கேட்டது நியாயமான கேள்வி, நான் அடிச்சது தப்பு. நீ செஞ்சதும் தப்புதான்." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம். ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது. தாத்தா செய்தாரே என்று மறுபடியும் ஆரம்பித்தால், "தாத்தாவோட பெட்டியை தாத்தா பாத்துப்பாரு, உன் அம்பது ரூபாயை நாம பாக்கலாம்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு ராத்திரி கீரிப்பிள்ளைக் கதையைச் சொல்லுங்கள், கோவலன் வரும் இடம் வரைக்கும். நீதி கேட்காதீர்கள். அவன் ஒப்பிக்க ஆரம்பித்தால், அந்தக் கீரிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.

50 ரூபாய் அவனுடைய உண்டியலிலிருந்து வரட்டும். போதவில்லை என்றால் வீட்டில் ஏதாவது வேலை செய்து ஈடு கட்டட்டும். கடைக்கு நீங்களும் கூடப் போங்கள், ஆனால் வாசலில் நின்றுவிடுங்கள். உள்ளே அவன் மட்டும் போகட்டும். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். வெளியே வந்ததும் என்ன ஆச்சு என்று கேட்காமல் அவனோடு நடந்து வீட்டுக்கு வாருங்கள்.