பரீட்சைப் பயத்துக்குப் பெரியம்மாவின் குளிசை வேண்டாம்

கேள்வி: சிங்களம்–தமிழ் உரைபெயர்ப்பாளர் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பயிற்சிக்கு உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வாய் காய்கிறது, கேட்ட இலக்கங்கள் மறந்துபோகின்றன. இணையத்தில் தேடிப் பார்த்து இதய நோயோ என்று பயந்தேன். ஈசிஜி சரியாக இருக்கிறது. பெரியம்மா தலையிடிக்குப் போடும் 40 மில்லிகிராம் புரோப்பிரனலோல் குளிசையைச் சில தடவை போட்டேன். படபடப்பு அடங்கியது. ஆனால் பிறகு நெஞ்சு இறுகி, ஒரு வசனத்தை முடிக்கவே மூச்சுப் போதவில்லை. சின்ன வயதில் முட்டு (ஆஸ்துமா) இருந்தது, இப்போது இல்லை. இந்த வேலைக்கான தைரியமே எனக்கு இல்லையோ?
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அந்தக் குளிசையை இனித் தொடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வசனத்தை முடிக்க மூச்சுப் போதவில்லை என்பதைத் தைரியக் குறைவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முட்டு இருந்த ஒருவர் புரோப்பிரனலோல் போட்டபின் அப்படிச் சொன்னால், மருத்துவர்களாகிய நாங்கள் முதலில் சந்தேகிப்பது குளிசையைத்தான். அது இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது, கை நடுக்கத்தையும் அடக்குகிறது. அதே நேரத்தில் சுவாசக் குழாய்களையும் இறுக்கிவிடும். அதைவிட மோசமான விஷயம், அந்த நேரத்தில் முட்டுக்கு அடிக்கும் சல்பியூட்டமோல் பம்ப் அடித்தாலும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். பம்ப் எந்த வழியாகக் குழாயைத் திறக்கிறதோ, அந்த வழியையே இந்தக் குளிசை அடைத்துவைத்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நாங்கள் இதை எழுதாததற்குக் காரணம் இதுதான். பெரியம்மாவுக்கு எழுதிய மருத்துவர் அவருடைய நெஞ்சைக் கேட்டுவிட்டு எழுதினார், உங்களுடையதை அல்ல. (இதை வாசித்துவிட்டுப் பெரியம்மா தன் குளிசையை நிறுத்தக் கூடாது. நாளாந்தம் போடுகிறவர்கள் திடீரென்று விடுவதும் ஆபத்து.)

முட்டு இப்போது இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? விடியப்புறம் இருமலில் எழும்புகிறீர்களா? கோணேசர் கோயில் ஏற்றத்தில் நடக்கும்போது மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா? சின்ன வயதில் போன முட்டு, வளர்ந்தபின் திரும்பி வருவது புதிதல்ல. இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், குளிசை போட்டதை ஒளிக்காமல் சொல்லி, ஊதிப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். இடையில் மூச்சுத் திணறிப் பேச முடியாமல் போனாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ, காலை வரை பார்த்திருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

படபடப்பு, கை நடுக்கம், வாய் காய்தல் எல்லாம் அட்ரினலின் செய்யும் வேலை. ஈசிஜியும் சரி, பயிற்சி நேரத்தில் மட்டும்தான் வருகிறது என்றால் அதை விட்டுத்தள்ளுங்கள். இணையத்தில் நெஞ்சு படபடப்பு என்று தேடினால் மாரடைப்பில்தான் கொண்டுபோய் விடும். இனித் தேடாதீர்கள்.

இலக்கங்கள் மறந்துபோவது நோயே அல்ல. பெயரும் இலக்கமும் தொங்கிக்கொள்ள ஒரு பொருள் இல்லாததால், இந்தத் தொழிலில் ஊறியவர்களுக்கும் அவைதான் முதலில் நழுவும். அதனால்தான் அவர்கள் கையில் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. காதில் விழுந்த உடனே இலக்கத்தை எழுதுங்கள், வசனத்தை மனதில் வையுங்கள். வீட்டில் தனியாக, மனதுக்குள் மொழிபெயர்ப்பது போதாது. தங்கையையோ சிநேகிதியையோ முன்னால் உட்காரவைத்து, சிங்களச் செய்தியிலிருந்து ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லி, அவர் நிறுத்தியதும் வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள். தடுமாறினாலும் நடுவில் நிறுத்தாமல் முடியுங்கள். பரீட்சையிலும் அப்படித்தானே முடிக்கவேண்டும். முதல் சில நாள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொண்டிருக்கும்போதே வேலை நடக்கிறது என்பதை நாலு தடவை கண்டபிறகுதான் நம்பிக்கை வரும். குளிசை போட்டு அடக்கினால் அதைக் காணவே வழியில்லை. தொடங்குமுன் மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விடுங்கள். வெறும் வயிற்றில் கடும் கோப்பி வேண்டாம். முதல் நாள் இரவு நித்திரை முழிக்கவும் வேண்டாம்.

தைரியத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் சிங்களம் மட்டும் தெரிந்த மருத்துவருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவுக்கும் நடுவில் நின்று, 'விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்று கேட்கிறவரைத்தான் நான் நம்புவேன். ஊகித்துச் சொல்கிறவரை நம்பமாட்டேன். குளிசைக்கே 'பேசும் தைரியம்' என்று பெயர் வைத்தாலும் இந்தத் தைரியம் அதிலிருந்து வராது. உங்கள் பரீட்சையில் திரும்பச் சொல்லக் கேட்க இடமுண்டா, எத்தனை தடவை என்று விதிகளை இப்போதே பார்த்துவையுங்கள்.

மருத்துவர் பம்ப் எழுதித்தந்தால் மண்டபத்துக்குக் கொண்டுபோங்கள். முட்டுக்கு மட்டும்தான், பயத்துக்கு அல்ல. அதை அடித்த பிறகு கொஞ்ச நேரம் கை நடுங்கும், நெஞ்சும் வேகமாக அடிக்கும். அது மருந்தின் வேலை, தானே அடங்கிவிடும்.