பட்டியலில் அடித்த பெயர்

கேள்வி: டாலஸ் அருகே வசிக்கிறோம். மகன் பப்ளிக் ஸ்கூலில் ஐந்தாம் வகுப்பு. கறுப்பின மக்கள் பட்ட பாடெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடமாக வேண்டாம், மனது கெடும் என்று சில பெற்றோர் மனுவில் கையெழுத்துக் கேட்கிறார்கள். “போட்டுவிட்டு ஒதுங்கு, நமக்கெதற்கு இந்தச் சண்டை” என்கிறார் கணவர். போன மாதம் மாமியார் முகம் சுளித்ததால், பிறந்தநாள் பட்டியலில் மகனின் கறுப்பின நண்பன் பெயரை அடித்தேன். இன்னும் “ஏன்” என்று கேட்கிறான். இந்தப் பாடமும் சேர்ந்தால் குழம்பிப்போவானே?
- ஒரு தாய், டெக்சாஸ்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மனுவைவிட அந்தப் பட்டியல்தான் என்னை உறுத்துகிறது. மாமியார் முகம் சுளித்தார், சரி. பேனா யார் கையில் இருந்தது? நிறத்தைப் பற்றிய முதல் பாடத்தை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்களே நடத்திவிட்டீர்கள்.

1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளிக்குக் காவலர் துணையோடு போனாள். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு ஆசிரியையோடு வெறும் வகுப்பறையில் தனியாகப் படித்தாள். அன்று பிள்ளைகளைக் கூட்டிப்போன தாய்மாரில் எத்தனை பேர் “நமக்கெதற்கு வம்பு” என்று மட்டும் நினைத்திருப்பார்கள்!

2021-ல் உங்கள் டெக்சாஸ் போட்ட சட்டமும், தன் இனத்துக்காக ஒரு பிள்ளை குற்றவுணர்வு கொள்ள வேண்டும் என்று கற்பிக்கக் கூடாது என்கிறதே தவிர, நடந்ததைச் சொல்லாதே என்று சொல்லவில்லை. அதற்கே ஆசிரியர்கள் வாய்திறக்கப் பயப்படுகிறார்கள். நீங்களும் சேர்ந்து மிரட்டுவீர்களா?

நமக்கெதற்கு என்று கேட்கும் உங்கள் கணவர் இதைத் தெரிந்துகொள்ளட்டும். 1923-ல், குடியுரிமை கேட்ட பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். நம் பிள்ளைகள் பெட்டியோடு போய் இறங்க வழிவிட்டது 1965-ன் குடியேற்றச் சட்டம். அதற்கு முந்தைய வருடம்தான், கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டு, நாய்க்கடி பட்டுப் போராடிப் பெற்ற, நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்ற சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அவர்கள் தள்ளித் திறந்த கதவு வழியாகத்தான் நாமும் நுழைந்தோம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா?

முதலில் மகனிடம் “அம்மா செய்தது தப்பு” என்று சொல்லுங்கள். பாட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் அந்தப் பையனின் அம்மாவுக்கு நீங்களே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிடுங்கள். அன்று உங்கள் கணவர் பரிமாறட்டும்.