புது டெஸ்க்டாப் 95 டிகிரி போகிறது, கேம் போட்டால் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கூலரை மாற்ற வேண்டுமா?

கேட்டவர் மார்த்தாண்டம் பக்கம். ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸர், 32 ஜிபி டிடிஆர்5 ரேம், நடுத்தர கிராபிக்ஸ் கார்டு, எல்லாம் புதிது. பிராசஸரை முழுக்க உழைக்கவைக்கும் சினிபெஞ்ச் டெஸ்டை ஓட்டினால் 95 டிகிரி காட்டுகிறது. சாயங்காலம் கேம் ஆடும்போது நீலத்திரைகூட வராமல் பொட்டென்று அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. கடைக்காரர் பெரிய கூலர் போடச் சொல்கிறாராம்.

இப்போதைக்குப் போடாதீர்கள் தம்பி. சூடு ஒரு பிரச்சினை, அணைவது வேறொரு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்துப் பார்ப்பதால்தான் எல்லோரும் கூலருக்குக் காசைக் கொட்டிவிட்டு அப்புறமும் அதே இடத்தில் நிற்கிறார்கள். இப்போது வரும் பிராசஸர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால்தான் அணையும், அதுவும் கூலர் சரியாக உட்காராமலோ தண்ணீர் கூலரின் பம்ப் ஓடாமலோ இருந்தால்தான். அப்படிச் சூட்டில் அணைந்தது பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், உங்களுடையது போல உடனே எழுந்து வராது.

முதலில் சூடு. 7700எக்ஸுக்கு ஏஎம்டி வைத்த வரம்பே 95 டிகிரிதான். பிராசஸருக்குள் இருக்கும் எல்லாக் கோரும் முழு மூச்சில் ஓடும்போது அந்த வரம்பைத் தொடும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிற மாதிரிதான் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்களைச் செய்திருக்கிறார்கள். ஏஎம்டி 105 வாட் என்று சொன்னாலும் 142 வாட் வரை இழுக்கும். சினிபெஞ்சில் 95 வந்தால் கவலை வேண்டாம். யூடியூபில் 80தான் காட்டினார்கள் என்பீர்கள்; அவர்கள் ஏசி அறையில் 22 டிகிரியில் உட்கார்ந்து டெஸ்ட் செய்கிறார்கள், நம் ஊர் காங்கிரீட் வீட்டு அறை ஏப்ரலில் 32க்குக் குறையாது. ஆனால் கேம் ஆடும்போதும் 90ஐத் தாண்டினால் அது சரியில்லை, கூலரைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

கழற்றினால் பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் பதிந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். நடுவில் மெலிசாகப் பரவியிருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் திட்டாகவும் எதிர் ஓரத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால் ஸ்குரூவை ஒரு பக்கமாகவே முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நாலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். தக்கலையில் மாமா பையனுடைய சிஸ்டத்தைத் திறந்தபோது கூலரின் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் அப்படியே இருந்தது, பேஸ்ட் அதன்மேல் அழகாகப் பரவியிருந்தது. கடையில் பில்லோடு அசெம்பிள் செய்து வாங்கியதுதான் அதுவும்! அப்புறம் கேபினெட் இருக்கும் இடம். சுவரில் கட்டிய அலமாரித் தட்டுக்குள் தள்ளி வைத்திருந்தால் வெளியே இழுங்கள், வெளியேறிய சூடான காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். இதெல்லாம் சரியாக இருந்தும் மனசு கேட்கவில்லை என்றால் பயாஸில், அதாவது மதர்போர்டின் செட்டிங் திரையில், ஈகோ மோடு 65 வாட் என்று இருக்கும், போட்டுவிடுங்கள். இழுப்பு 88 வாட்டோடு நின்றுவிடும், கேமில் வித்தியாசமே தெரியாது. என்னைக் கேட்டால் ஏசி இல்லாத அறைக்கு இதுதான் நல்லது, பைசா செலவில்லை.

இனி அணைகிற விஷயம். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்குமேல் அது எதையும் சொல்லாது. பயாஸில் எக்ஸ்போவை ஆஃப் செய்யுங்கள், ரேமைப் பெட்டியில் போட்ட முழு வேகத்தில் ஓட்டும் வசதி அது. ரேம் பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும் இந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி உறுதி தருவது 5200 வரைதான், அதற்குமேல் ஓடினால் ஓவர்கிளாக் கணக்கு. ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கலாம். ரேமைப் பழக்கிக்கொள்கிறது, அவசரப்பட்டு ஸ்விட்சைத் தட்டாதீர்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள், ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். பயாஸ் பழையதாக இருந்தால் அப்டேட் செய்துவிடுங்கள். 2023ல் இந்த வரிசையில் சில பிராசஸர்கள் கருகிய பிறகு பிராசஸரின் எஸ்ஓசி பகுதிக்குப் போகும் வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குமேல் போகாமல் பூட்டியது அப்டேட் வழியாகத்தான், ஸ்டாக்கில் கிடந்த போர்டில் அது இல்லாமல் இருக்கலாம்.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது 'சாயங்காலம்' என்பதுதான். ரேம் கோளாறு நேரம் பார்த்து வராது. வீட்டு இன்வெர்ட்டர் லைனில்தானே சிஸ்டத்தை மாட்டியிருக்கிறீர்கள்? சாயங்காலம் ஆகிவிட்டால் நம் உள்ளூர்ப் பக்கங்களில் வோல்டேஜ் இறங்கும், மழைக்காலத்தில் ரப்பர் மரக்கொம்பு லைனில் உரசினாலே விட்டு விட்டு வரும். இன்வெர்ட்டர் அப்போதெல்லாம் பேட்டரிக்குப் போய்த் திரும்பும், ஃபேனும் லைட்டும் லேசாக மினுக்குவதோடு சரி, நாம் கவனிப்பதில்லை. சிஸ்டத்துக்குக் கரண்டை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிசெகண்ட்தான், அதுவும் கேம் ஓடும்போது சும்மா கிடக்கும்போது தாங்குகிற அளவு தாங்காது. இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறும் நேரம் இதைவிட அதிகம், சிஸ்டம் விழும். யுபிஎஸ்ஸில் வைத்தால் வேகமாக மாறும், ஆனால் வோல்டேஜ் 180க்குப் பக்கத்தில் இறங்கினாலே பேட்டரிக்குத் தாவும். லைன் கரண்ட் போல வளைவாக (சைன் வேவ்) இல்லாமல் சதுர அலையாகக் கரண்ட் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இன்னும் மோசம், இப்போதைய எஸ்எம்பிஎஸ் சிலது அதில் நிற்கவே நிற்காது.

அதனால் செலவு எதுவும் செய்யாமல் சிஸ்டத்தை இன்வெர்ட்டர் இல்லாத நேர் லைனுக்கு மாற்றி, வழக்கமாக ஆடும் நேரத்திலேயே சில நாள் ஆடிப் பாருங்கள். மாட்டும் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கேபினெட் ஸ்குரூவில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது, கை பட்டால் சுருக்கென்கிறது என்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இடிவெட்டு வருகிற ஊர் இது. நேர் லைனில் அணையவில்லை என்றால் சைன் வேவ் யுபிஎஸ் ஒன்று சிஸ்டத்துக்கென்று தனியாக வாங்குங்கள், விஏ கணக்கைப் பார்க்காமல் வாட் எவ்வளவு என்று கேட்டு. நேர் லைனிலும், எக்ஸ்போ ஆஃபிலும் அணைகிறது என்றால் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரே கேபிளில் இரண்டு தலையாகப் போகிறதா என்று பார்த்துத் தனித்தனி கேபிள் கொடுங்கள். அதிலும் நிற்கவில்லையென்றால் தெரிந்தவர் யாரிடமாவது ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வாரண்டி அட்டையோடு கடைக்குப் போங்கள்.