பைலட் ஆய்வுக்கு எத்தனை பேர்? நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

முக்கூடல், பிசியோதெரபிஸ்ட்: அண்ணாச்சி, பீடி சுற்றும் பெண்களின் கழுத்துவலிக்கு உடற்பயிற்சி கொடுத்துப் பார்க்கப் போகிறேன். பைலட்டுக்கு, அதாவது பெரிய ஆய்வுக்கு முந்தைய சிறு ஒத்திகைக்கு, குழுவுக்கு 12 பேர் போதும் என்கிறார் கைடு. போதுமா?

அந்த 12, ஜூலியஸ் என்ற புள்ளியியலாளர் 2005-ல் சொன்னது. வலி அளவின் சராசரியும் சிதறலும் ஓரளவு தெரியவேண்டும் என்பதற்காகச் சொன்ன எண். அதற்குச் சரி. ஆனால் இரண்டு குழுவுமாக 24 பேரை வைத்து, அந்தச் சிதறலைக் காட்டும் திட்டவிலக்கம் 2 என்று வந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வலி அளவில் ஒரு புள்ளி வித்தியாசத்தை 80% திறனோடு (இருக்கும் வித்தியாசம் பத்தில் எட்டு முறை தெரியும்படி), 5% பிழை எல்லையில் (இல்லாததை இருப்பதாக நூற்றில் ஐந்து முறைக்கு மேல் சொல்லாதபடி) பிடிக்க, 2 என்று போட்டால் குழுவுக்கு 63 பேர். அந்த 2-இன் 80% மேல் எல்லை, அதாவது உண்மையான சிதறல் அநேகமாகத் தாண்டாத அளவு, சுமார் 2.32; அதைப் போட்டால் 85. நான் 85-ஐத்தான் எடுப்பேன்.

உங்களுக்கு உண்மையில் தெரியாதது வேறு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், வேலையை விட்டுவிட்டு அரை மணி நேரம் கையைக் கழுத்தை ஆட்டிக்கொண்டிருப்பாரா? கடைசிவரை வந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் உங்கள் பைலட்டின் முக்கிய எண். 24-இல் 17 பேர் நின்றால் 71%. ஆனால் 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான சதவீதம் இருக்கக்கூடிய எல்லை, 51-இலிருந்து 85 வரை போகும். இதை வைத்து என்ன முடிவெடுப்பீர்கள்? 70 பேரில் 49 பேர் நின்றால் 58 முதல் 79-க்குள் வந்துவிடும். எத்தனை சதவீதம் நின்றால் பெரிய ஆய்வுக்குப் போவது, எதற்குக் கீழே போனால் கைவிடுவது என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் அது வெறும் சமாதானம்.

அம்பாசமுத்திரம், நர்சிங் மாணவி: பைலட்டில் பி மதிப்பு 0.04 வந்திருக்கிறது சார். பலன் இருக்கிறது என்று எழுதலாமா?

வேண்டாம்மா. பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. 0.4 வந்திருந்தால் பலன் இல்லை என்று எழுதியிருப்பாயா? சின்ன ஆய்வில் இரண்டுமே தற்செயலாக வரும். அதில் தெரிந்த பலன் அளவை வைத்துப் பெரிய ஆய்வுக்கு மாதிரி அளவு போடுவதும் ஆபத்து. நோயாளிக்கு எவ்வளவு மாற்றம் இருந்தால் பிரயோஜனம் என்று யோசித்து அந்த எண்ணைப் போடு.

தென்காசி, பிஜி மாணவர்: 20% பேர் பாதியில் போய்விடுவார்கள் என்றால் முதல் பதிலில் சொன்ன 85-ஐ 1.2-ஆல் பெருக்கலாமா அண்ணாச்சி?

0.8-ஆல் வகுக்கணும் தம்பி. 107 வரும். பெருக்கினால் 102-தான், அதில் 20% போனால் 85 மிஞ்சாது.

பாளையங்கோட்டை, மருத்துவர்: 30 பேரில் ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை. பாதுகாப்பானது என்று சொல்லலாமா?

ஒருவருக்கும் வராதபோது, உண்மையில் அதிகபட்சம் எத்தனை பேருக்கு வரலாம் என்று பார்க்க 3-ஐ ஆள் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 3-ஐ 30-ஆல் வகுங்கள், டாக்டர். பத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவுகூடக் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

களக்காடு, களப்பணியாளர்: சர்க்கரை நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி. ஓர் ஊரில் கொடுத்து, பக்கத்து ஊரோடு ஒப்பிடலாமா?

வித்தியாசம் வந்தால் அது ஊராலா, பயிற்சியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள். அந்த ஒற்றுமையை அளக்கும் எண் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒன்றுபோல்) 0.02 என்றாலே, ஊருக்கு 40 பேர் எடுத்தால் மாதிரி அளவு 1.78 மடங்காகும் (1 + 39 × 0.02). இரண்டு ஊரை வைத்து அந்த எண்ணைக் கணிக்கவும் முடியாது. இதேபோன்ற முந்தைய ஆய்வுகளிலிருந்து எடுங்கள். பைலட்டில் ஆள் சேர்கிறார்களா, படிவம் புரிகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், பிசான நடவு நேரத்தில் ஆள் சேர்க்கப் போகாதீர்கள், எல்லாரும் வயலில் இருப்பார்கள். சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்வது பைலட்டுக்கும் உண்டு, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே.