மாஸ்டரின் காதிரைச்சலும் எதிர்மாடி அன்டெனாவும்

கேள்வி: எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தனியாக வசிக்கிறார். வயது 74. எதிர்க்கட்டடத்தில் கைத்தொலைபேசி அன்டெனா பூட்டிய பிறகு நித்திரை இல்லை, காது இரைகிறது என்கிறார். வைஃபையால் மூளைப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி ரவுட்டரைக் கழற்றிவிட்டார். இரவில் கைத்தொலைபேசியையும் அணைத்துவிடுகிறார். எப்படி விளங்கப்படுத்துவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: விளங்கப்படுத்துவதைப் பிறகு பார்க்கலாம், முதலில் அவரை ஒரு வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். அவருடைய இரைச்சலும் நித்திரையின்மையும் உண்மையானவை. இந்த வயதில் செவிப்புலன் குறைவதாலோ, காதில் குறும்பி அடைப்பதாலோ, சில மருந்துகளாலோ காது இரையலாம். புரஸ்டேட் வீக்கம், மாலையில் எடுக்கும் நீர் மாத்திரை, இரவுத் தேநீர் எல்லாம் நித்திரையைக் கெடுக்கும். பழியை அன்டெனா சுமக்கும்வரை இவற்றை யாரும் தேடப்போவதில்லை. கதிர்வீச்சைவிட எனக்கு அந்தக் கவலைதான் பெரியது.

“அதெல்லாம் பொய், மாஸ்டர்” என்று தொடங்கினால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். நாலு பேர் முன்னால் பேசாதீர்கள். தனியாக இருக்கும்போது மாணவியாகவே கேளுங்கள்: வைஃபை அலைக்கும் மின்குமிழ் வெளிச்சத்துக்கும் எதன் அதிர்வெண் கூட? விடை அவருக்குத் தெரியும். வைஃபை 2.4 அல்லது 5 கிகாஹேர்ட்ஸ். கண்ணுக்குத் தெரியும் ஒளி அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு. அதிர்வெண் கூடக்கூடத்தான் அலையின் சக்தியும் கூடும்; அந்த ஒளிக்கே மரபணுவை உடைக்கும் சக்தி இல்லை. வைஃபை, கைத்தொலைபேசி போன்றவற்றின் வானொலி அலைகள் மிக வலுவாக இருந்தால் உடலைச் சற்றுச் சூடாக்கும். அந்த அளவுக்கு வெகு கீழேதான் சர்வதேச வரம்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் இந்த அலைகளை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பட்டியலில் சேர்த்ததை அவர் எடுத்துக்காட்டுவார். அது உண்மை, மறுக்காதீர்கள். ஆனால் பட்டியல் சொல்வது சான்றின் பலத்தை. ஆபத்தின் அளவை அல்ல. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. அதற்குப் பிறகு, அதே நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 63 ஆய்வுகளைத் திரட்டி 2024இல் வெளிவந்த மீளாய்வு, கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

இன்னொன்றையும் சொல்லுங்கள். சிக்னல் பலவீனமானால் கைத்தொலைபேசி தன் வலுவைக் கூட்டும். எதிர்மாடி அன்டெனாவை அகற்றினால், காதோடு ஒட்டியிருக்கும் கருவிதான் கூடுதலாக உழைக்கும். (கதிர் தடுக்கும் என்று விற்கிற ஸ்டிக்கர்களுக்கும் இதே கதைதான். காசு தண்டம்.)

அலைகள் தம் உடலில் உறைக்கின்றன என்று சொல்பவர்களை வைத்துச் சோதனைகள் நடந்திருக்கின்றன. கருவி இயங்குகிறதா, அணைந்திருக்கிறதா என்று அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை; இயங்குகிறது என்று நம்பியபோது, அணைந்திருந்தாலும் தலைவலி வந்தது. இதை வைத்து “எல்லாம் உங்கள் மனப்பிரமை” என்று சொல்லிவிடாதீர்கள். பயத்தால் கெடுகிற நித்திரையும் கெட்ட நித்திரைதான்.

ரவுட்டர் விடயத்தில் விட்டுக்கொடுங்கள். இரவில் அணைத்தால் ஒரு நட்டமும் இல்லை. கைத்தொலைபேசியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நடுச்சாமத்தில் நெஞ்சு வலித்தால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க அவருக்கு வேறு வழி ஏது? கட்டிலிலிருந்து எட்டி வைக்கட்டும், ஆனால் இயங்கட்டும்.

ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போகவேண்டும்.